ஓர்த்தெஸ் பாலத்துத் தண்ணீர்

சுவிசேஷமுத்துவுக்குத் தண்ணீர் மேல் நம்பிக்கை கிடையாது. அது அவர் தொழில் கொடுத்த குணம். நியூ ஜெர்சியில் பார்சிப்பனி என்ற ஊரில், ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில், ஊசி மருந்தில் சேரும் தண்ணீரைச் சோதித்து 'சுத்தம்' என்றோ 'சுத்தமில்லை' என்றோ கையெழுத்துப் போடுவதுதான் பதினேழு வருடமாக அவர் பார்த்த வேலை. கண்ணுக்குப் பளிங்கு மாதிரி தெரிகிற தண்ணீரில் எத்தனை கிருமி குடித்தனம் நடத்துகிறது என்று அவருக்குத்தான் தெரியும். யார் வீட்டுக்குப் போனாலும் கையோடு ஒரு பாட்டில் கொண்டுபோய்விடுவார். வீட்டுக்காரர்கள் முகம் கோணினால் கோணிவிட்டுப் போகட்டும்.

பிடித்த பிடியை விடுகிற மனிதர் இல்லை என்பது அங்கிருந்த தமிழ்ச் சபைக்கே தெரியும். ஞாயிறு மாலைகளில் வெள்ளைக்காரர் சர்ச்சின் கீழ்த்தளத்து ஹாலில் ஆராதனை நடக்கும். பாட்டுத்தாளில் யாராவது 'செபம்' என்று அச்சடித்துக் கொண்டுவந்துவிட்டால் போதும், சுவிசேஷமுத்து சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, நாற்பது தாளிலும் 'ஜெபம்' என்று திருத்திவிட்டுத்தான் பாடுவார். 'செ' போட்டால் கத்தோலிக்கம், 'ஜெ' போட்டால் ப்ராட்டஸ்டண்ட், நம்முடையது. ஆண்டவர் இந்த இரண்டு எழுத்தையும் வைத்துத்தான் வடிகட்டப்போகிறார் என்று அவர் நினைத்தாரோ என்னவோ.

ஒருமுறை, உடன் வேலை பார்ப்பவரின் கத்தோலிக்கக் குடும்பம் புது வீட்டுக்குக் குடிபோனபோது அழைத்திருந்தார்கள். வாசலுக்கு நேரே மாதா சுரூபம், அதன் முன்னால் மின்சார மெழுகுவர்த்தி. சுவிசேஷமுத்து வாசற்படியிலேயே நின்று வாழ்த்துச் சொல்லிவிட்டுக் காருக்குத் திரும்பினார். தட்டைக் காருக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். ஜனவரி மாதக் குளிரில், ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, ஸ்டியரிங்கில் தட்டை அண்டக் கொடுத்துப் பிரியாணி சாப்பிட்ட கதையைச் சபையில் வெகுநாள் சொல்லிச் சிரித்தார்கள்.

இப்பேர்ப்பட்டவர் கட்டியது ஒரு கத்தோலிக்கப் பெண்ணை.

அமலி தூத்துக்குடிக்காரி. பனிமய மாதா கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. மணி அடித்தால் சட்டியில் மீன் வேகிற சத்தம் கேட்காது. மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் அவள் நர்ஸ், அவர் லேபில் டெக்னீஷியன். ரத்தம் நிரப்பின குப்பிகளை லேபில் கொடுத்துவிட்டு உடனே திரும்பவேண்டியவள், ரிசல்ட் வரும்வரை நின்று வாங்கிக்கொண்டு போக ஆரம்பித்தாள். மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை. அவளுடைய அண்ணன் இரண்டு மாதம் பேசவில்லை. அவருடைய அப்பா சாயர்புரம் பக்கத்தில் ஒரு சின்ன சபைக்கு உபதேசியார். பேசினார், ஆனால் ஒரே ஒரு நிபந்தனையோடு.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை, 1976-இல், முன்னறை மேசையில் வேதப் புத்தகத்தை வைத்து, "இதுல கை வச்சுச் சொல்லும்மா. மாதா கோயில் வாசலை மிதிக்க மாட்டேன்னு சொல்லு," என்றார்.

அமலிக்கு இருபத்திரண்டு வயது. கையை வைத்தாள். "மிதிக்க மாட்டேன் மாமா."

அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. எடுக்க அவசியமும் வரவில்லை, அமலி சொன்னால் சொன்னதுதான். 1980-இல் அமெரிக்காவுக்கு வந்தது அவளுடைய நர்ஸ் வேலையில்தான். க்ரீன் கார்டு அவளுக்கு வந்தது, அவர் அவள் பின்னால் வந்தார். ஷைனா பிறந்தது நியூ ஜெர்சியில். ஒற்றைப் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை சபையில் அமலி முதல் வரிசையில் நின்று பாடினாள். எப்போதாவது வாய் தவறி, "சாப்பாட்டுக்கு முன்னால செபம் பண்ணுங்க," என்றுவிடுவாள். "ஜெபம்," என்பார் அவர். "ஜெபம்," என்று திருத்திச் சொல்லிவிட்டுச் சோற்றைப் போடுவாள்.

1992 ஆகஸ்டில் மூன்று பேருமாக ஊருக்குப் போனார்கள். உபதேசியார் காலமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. அண்ணன் வீட்டில் தங்கியிருந்தபோது மாதா கோயில் திருவிழா. சப்பரம் கிளம்புகிற மாலையில் அண்ணன் கேட்டார், "வாக்கு வாங்கினவரே போய்ச் சேர்ந்துட்டாரு. இனிமே யாருக்கு என்ன? வந்து ஒரு எட்டுப் பாத்துட்டு வாயேன் அமலி."

அமலி கணவரைப் பார்த்தாள். சுவிசேஷமுத்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அப்பா போய்விட்டார் என்றால் அந்த வாக்குக்கு இப்போது வாரிசு அவர்தான். தலையைத் தூக்கி, 'போயிட்டு வா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. அவர் பக்கத்தைத் திருப்பினார். அமலி மாடிக்குப் போய், வீட்டுக் கூரைகளுக்கு மேலே தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். 'சொன்ன சொல் தவறாதவ' என்று அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் பின்னாளில் அவருக்கே கூசியது.

1998 செப்டம்பரில் அமலிக்கு வயிறு உப்பிக்கொண்டே வந்தது. கர்ப்பப்பைக்குப் பக்கத்தில், ஓவரியில் புற்று. ஆபரேஷன் செய்தார்கள். பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கீமோ. ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், ஜன்னலோரம் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி முடிய ஐந்து மணி நேரம் ஆகும். இருபது வருடம் மற்றவர்களுக்கு ஊசி ஏற்றியவள் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, அங்கே கிடந்த பழைய பத்திரிகைகளைப் புரட்டுவாள். அப்படித்தான் ஒருநாள் அந்தப் படத்தைக் கண்டாள். அங்கிருந்த நர்ஸிடம் கேட்டுப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்து ஃப்ரிட்ஜில் காந்தத்தால் ஒட்டினாள்.

"இதப் பாருங்க. பிரான்ஸ்ல ஒரு பாலம். எழுநூறு வருஷம் ஆச்சாம். நடுவுல கோபுரம் வச்சுக் கட்டியிருக்கான்."

"பாலத்துல என்னத்துக்குக் கோபுரம்?"

"காவலுக்குத்தான். ஓர்த்தெஸ்ன்னு ஒரு சின்ன ஊரு." கொஞ்சம் பொறுத்து, "எனக்கு இதப் பாக்கணும்ங்க," என்றாள்.

இருபத்துமூன்று வருடத்தில் அமலி 'எனக்கு' என்று கேட்டதை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் பிரான்ஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் சுவிசேஷமுத்துவின் மனம் பாலத்துக்குப் போகவில்லை. லூர்துக்குப் போனது. உலகத்திலுள்ள நோயாளிகளெல்லாம் மாதாவைத் தேடிப் போய்த் தண்ணீர் பிடித்துக் குடிக்கிற ஊர் அந்த நாட்டில்தான் இருக்கிறது என்று எந்தக் கிறிஸ்தவருக்குத் தெரியாது. சாதாரணமாகக் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டார்: "பிரான்ஸ்ல வேற எங்கயும் போகணுமா?"

"இல்ல. பாரிஸ்ல ரயில் ஏறுவோம், இந்த ஊர்ல எறங்கிப் பாலத்தப் பாப்போம், திரும்பிருவோம். ஒரு காலத்துல அந்த ஊரு பூரா ப்ராட்டஸ்டண்டாம். அங்க இருந்த ராணியே நம்ம ஆளுதானாம், போட்டிருக்கான்."

நம்ம ஆளு. அந்த ஒரு சொல்லில் சுவிசேஷமுத்து விழுந்தார். மறுநாளே ஆய்வுக்கூடத்தில் ஜூன் மாதம் பத்து நாள் லீவு அப்ளை பண்ணினார்.

கீமோ முடிந்ததும், ஜூனுக்கு முன்னால் எடுத்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர், "நல்ல சமயம், போய் வாருங்கள், சந்தோஷமாக இருங்கள்," என்றார். 'சந்தோஷமாக' என்பதை அவர் சொன்ன விதம் சுவிசேஷமுத்துவுக்குப் பிடிக்கவில்லை. சோதனைக் குழாயைப் பார்த்துப் பழகியவருக்கு முகம் பார்க்கவும் தெரியும். அமலியும் கேட்டாள், அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஷைனாவுக்குக் கோடைக்காலக் கிளாஸ் இருந்ததால் இரண்டு பேர் மட்டும் நூவர்க்கில் விமானம் ஏறினார்கள்.

பாரிஸில் அமலி ஒரு பகல் முழுக்கத் தூங்கினாள். அடுத்த நாள் காலை ரயில் நிலையத்துப் பலகையின் முன்னால் நின்றபோதுதான் சுவிசேஷமுத்து அதைக் கவனித்தார். அவர்கள் ஏறவேண்டிய ரயில் நிற்கும் ஊர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தன. பொர்தோ, டாக்ஸ், ஓர்த்தெஸ், போ. போவுக்கு அடுத்து லூர்து.

ஓகோ, என்று நினைத்துக்கொண்டார்.

ரயிலில் பாதிப் பேர் அந்த ஊருக்குப் போகிறவர்கள். மடக்கிய சக்கர நாற்காலிகள் கதவோரம் அடுக்கியிருந்தன. இரண்டு கன்னியாஸ்திரிகள் ஒரு கிழவருக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓர்த்தெஸ் வந்ததும் அமலி எழுந்திருக்கமாட்டாள், 'இவ்வளவு தூரம் வந்துட்டோம், இன்னும் ஒரு மணி நேரந்தானே' என்று கையைப் பிடிப்பாள் என்று அவருக்கு நிச்சயமாகிவிட்டது. அதற்குப் பதிலைத் தயார் செய்தார். 'அப்பாட்ட சொன்ன வாக்கு என்ன ஆச்சு?' ஐந்து மணி நேரம் அந்த ஒரு வாக்கியத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு, நோயாளி மனைவியின் பக்கத்தில் காவல்காரன் மாதிரி உட்கார்ந்து வந்தார்.

ஓர்த்தெஸ் வந்தது. அமலி கைப்பையை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக எழுந்தாள். "எறங்குங்க, ரெண்டு நிமிஷந்தான் நிக்கும்," என்றாள்.

ஜெயித்தவர்போல் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். வாயில் வைத்திருந்த வாக்கியம் வீணாகிப் போனதில் கொஞ்சம் வெட்கமும் இருந்தது.

அன்றைக்கு ஸ்டேஷன் பக்கத்து ஓட்டலில் தங்கி, மறுநாள் காலை பாலத்துக்கு நடந்தார்கள். ஒரு கிலோமீட்டர் இருக்கும். அமலி நான்கு இடத்தில் உட்கார்ந்தாள். தலையில் புதிதாக முளைத்த முடி குழந்தைக்கு இருப்பதுபோல் மெத்தென்று இருந்தது, அதன்மேல் நீல ஸ்கார்ஃப். வழியில் சுற்றுலா ஆபீஸில் ஒரு பெண்மணி ஆங்கிலத்தில் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தாள்.

பாலம் படத்தில் இருந்ததைவிடச் சின்னது. கல் பாலம், நடுவில் தரை இடிக்கிற திமிசுக்கட்டை மாதிரி ஒரு கோபுரம், அதன் வயிற்றைக் குடைந்து வழி. வண்டிகள் போவதில்லை. கீழே பாறைகளுக்கு நடுவே ஆறு பச்சையாக, நுரைத்துக்கொண்டு, அவசரமாக ஓடியது. அந்தச் சின்ன ஊருக்கு அவ்வளவு வேகமான ஆறு தேவையில்லைதான். அமலி கோபுரத்தைத் தாண்டிக் கைப்பிடிச் சுவரோரம் கல்லில் உட்கார்ந்தாள். அவர் எதிரில் நின்று தாளைப் படித்துத் தமிழில் சொன்னார். அவருக்கு இப்படி யாருக்காவது எதையாவது படித்துச் சொல்வதென்றால் கொண்டாட்டம்.

"ஆயிரத்து ஐந்நூத்து அறுபத்தொன்பதுல ப்ராட்டஸ்டண்ட் படை வந்து ஊரைப் பிடிச்சுட்டாங்க. பாத்தியா, நீ சொன்னது சரிதான். அப்புறம்," குரல் தணிந்தது, "இந்தக் கோபுரத்துல ஒரு ஜன்னல் இருக்காம். கத்தோலிக்கச் சாமியார்களை அது வழியாத்தான் ஆத்துல தள்ளினாங்கன்னு ஊர்ல சொல்லுவாங்களாம்."

தாளை மடித்தார்.

"படிங்க," என்றாள் அமலி.

"அவ்வளவுதான் போட்டிருக்கான்."

அவள் எழுந்து அந்தச் சின்ன ஜன்னலைத் தேடிக் கண்டுபிடித்துக் குனிந்து பார்த்தாள். "அவங்களுக்கு நீச்சல் தெரிஞ்சிருக்குமா?"

"யாருக்குத் தெரியும்."

"நல்ல வேகமா போகுது." கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கைப்பையிலிருந்து காலி பாட்டில் ஒன்றை எடுத்து நீட்டினாள். "கீழ எறங்கி ஒரு பாட்டில் தண்ணி மொண்டுட்டு வாங்க."

"ஆத்துத் தண்ணியா? என்னத்துக்கு?"

"வெயிலா இருக்கு. மொகத்தத் தொடைக்கணும்."

"நல்ல தண்ணிதான் கையில இருக்கே."

"அது குடிக்க. மொண்டுட்டு வாங்களேன்."

முணுமுணுத்துக்கொண்டே போனார். பாலத்தின் ஓரத்தில் ஒரு சரிவு இறங்கியது. பாறை வழுக்கியது. ஷூவைக் கழற்றி, பேன்ட்டை மடித்து, ஐம்பது வயதைத் தாண்டியவர் தவளை மாதிரி குந்திக்கொண்டு பாட்டிலை முக்கினார். ஆறு பாட்டிலைப் பிடுங்கப் பார்த்தது. இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் விட்டுத்தான் நிரப்ப முடிந்தது. பனி உருகின தண்ணீர், எலும்பு வரை குளிர்ந்தது. அண்ணாந்து பார்த்தார். ஜன்னலில் நீல ஸ்கார்ஃப் தெரிந்தது. உதடு அசைவது தெரிந்தது. ஏதோ சொல்கிறாள் என்று நினைத்து, "என்னது?" என்று கத்தினார். அவள் ஒன்றுமில்லை என்று கையசைத்தாள்.

மேலே வந்து பாட்டிலைக் கொடுத்துவிட்டு ஷூ மாட்டக் குனிந்தார். அமலி கையில் ஊற்றி நெற்றியைத் துடைத்தாள், கழுத்தைத் துடைத்தாள், சேலையை ஒதுக்கி வயிற்றில் தடவினாள். அவர் நிமிரும்போது பாட்டில் அவள் வாயில் இருந்தது.

"அமலி, என்ன பண்ணுத?"

"ஒரு வாய்தான்."

"உன் வெள்ளை அணு கவுண்ட் எவ்வளவுன்னு தெரியுமா உனக்கு? நர்ஸ்தானே நீ? மேல எத்தனை ஊரு இருக்கோ, எத்தனை சாக்கடை இதுல வந்து விழுதோ."

"மேல இருக்கதெல்லாம் நல்ல ஊருதான்," என்று மூடியைத் திருகினாள்.

பாரிஸுக்கு ரயில் மத்தியானம் மூன்று மணிக்கு. பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அமலி பாட்டிலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். முக்கால் பாட்டில் இருந்தது. அவருக்குக் கண் அதன் மேலேயே போனது. வெயிலில் வைத்த ஆற்றுத் தண்ணீர். ஒரு சொட்டில் எத்தனை இருக்கும் என்று அவர் மனம் கணக்கெடுத்தது. வெள்ளை அணு குறைந்த உடம்பு. வழியில் தாகத்தில் மறந்து இன்னொரு வாய் குடித்தால் ஜுரம் வந்துவிடும், பாஷை தெரியாத ஊரில் எந்த ஆஸ்பத்திரியைத் தேடுவது.

"அதக் குடு."

"இருக்கட்டும்ங்க."

"குடுன்னா குடு. உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

அமலி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கொடுத்தாள். பிளாட்பாரத்தில் சிமென்ட் தொட்டி ஒன்றில் சிவப்புப் பூச்செடி வைத்திருந்தார்கள். அதில் ஊற்றினார். கடைசிச் சொட்டு விழும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாட்டிலைக் குடுங்க," என்று வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். காலி பாட்டில் எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

முதலில் எதிர்த்திசை ரயில் வந்தது. சரியாக அவர்கள் முன்னால், கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் கதவு திறந்தது. போ, லூர்து, என்று கதவோரப் பலகையில் எழுதியிருந்தது. ஒருவரும் இறங்கவில்லை. ஒரு பையோடு ஒரு அம்மாள் ஏறினாள். அமலி திறந்த கதவைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

சுவிசேஷமுத்து கல்நெஞ்சர் இல்லை, இதைச் சொல்லியே ஆகவேண்டும். அந்த நேரத்தில் அவர் வாயில் இருந்தது நேற்றைய வாக்கியம் அல்ல. 'ஏறுவோமா' என்ற ஒரே வார்த்தை. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. டாக்டர் 'சந்தோஷமாக' என்று சொன்னது காதில் கேட்டது. டிக்கெட்டை உள்ளே வாங்கிக்கொள்ளலாம். ஒரு மணி நேரப் பயணம். அப்பா இறந்து பத்து வருடம். யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனால் இருபத்துமூன்று வருடம் இறுக்கிப் பிடித்ததை எந்த விரலை முதலில் எடுத்து விடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்டால் சொல்லலாம், அவளே கேட்கட்டும் என்று நினைத்தார். வாக்குக் கொடுத்தவள் எப்படிக் கேட்பாள் என்று நினைக்கவில்லை. குனிந்து, கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

கதவு மூடியது. ரயில் நகர்ந்தது.

"போயிட்டு," என்றாள் அமலி. ரயிலைத்தான் சொன்னாள்.

அக்டோபரில் நோய் திரும்பி வந்தது. மறுபடி தொடங்கிய கீமோவை நவம்பரில் டாக்டர் நிறுத்தினார். ஜனவரியில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு சுவிசேஷமுத்து கடைசியில் அதைச் சொன்னார்.

"அமலி. ஒடம்பு கொஞ்சம் தேறட்டும். லூர்துக்குப் போவோம். அப்பாட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். முகம் சுருங்கி எலும்பு தெரிந்தது, ஆனாலும் சிரிப்பு பழைய சிரிப்புதான்.

"என்னத்துக்குங்க? அதான் அங்கேர்ந்து வந்துச்சே."

"எது?"

"அந்தப் பாலத்துக்குக் கீழ ஓடுச்சே, அது காவ் ஆறு. மாதா காட்சி குடுத்த பாறைக் கெபி அந்த ஆத்தங்கரையிலதான் இருக்கு. பள்ளிக்கூடத்துல அந்தக் கதைய நாடகமா போட்டோம். நான்தான் ஆத்தோரம் வெறகு பொறுக்கப் போயி மாதாவப் பாக்கிற புள்ள. அந்தப் பேரு எனக்கு மறக்குமா? புஸ்தகத்துல பாலத்துப் படத்துக்குக் கீழ காவ்னு போட்டிருந்தான்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "லூர்துலேர்ந்து எறங்கி வார தண்ணிதான் அது. வாசல மிதிக்கக் கூடாதுன்னுதான மாமா சொன்னாங்க. நான் மிதிக்கல. தண்ணி தானா எறங்கி வந்தா நான் என்ன செய்ய?"

சுவிசேஷமுத்துவுக்குச் சிமென்ட் தொட்டியும் சிவப்புப் பூவும் கண் முன்னால் வந்தன. முக்கால் பாட்டில்.

"நான் ஊத்திட்டேனே," என்றார். "அப்பமே சொல்லியிருக்கலாமே அமலி."

"சொல்லியிருந்தா மொண்டிருப்பீங்களா?"

அவர் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார்.

"ஒரு வாய் குடிச்சேன், போதும். நீங்கதான் முழங்கை வரைக்கும் முக்கிட்டு உக்காந்திருந்தீங்க. மேலேர்ந்து பாத்துட்டே இருந்தேன். சிரிப்பா வந்துச்சு." அவர் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். "உங்களுக்காகத்தான் செபம் பண்ணினேன்."

"நோவு உனக்கு. எனக்கு என்னத்துக்கு?"

"எனக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா, நர்ஸ்தானே. எனக்குப் பெறகு நீங்க தனியா இருக்கணுமே. அதுக்குத்தான் செபம் பண்ணினேன்."

இரண்டு தடவை 'செபம்' என்று சொல்லிவிட்டாள். அவர் திருத்தவில்லை. திருத்தாமல் விட்டது அதுதான் முதல் தடவை. அவள் அதைக் கவனித்தாளா என்று தெரியவில்லை, கண்ணை மூடிக்கொண்டாள். நான்காம் நாள் போய்விட்டாள்.

அடக்க ஆராதனையில் பாஸ்டர் வெகுநேரம் பேசினார். மாதாவையும் சுரூபங்களையும் விட்டு ஒரே மனதோடு நம் சபைக்கு வந்தவர், இருபத்துமூன்று வருடம் திரும்பிப் பார்க்காதவர் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். முதல் வரிசையில் சுவிசேஷமுத்து கோட்டுப் பைகளுக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கை கொடுக்க வந்தவர்களுக்குக்கூடக் கையை வெளியே எடுக்கவில்லை. துக்கத்தில் இருக்கிறார் என்று விட்டுவிட்டார்கள்.

அம்மாவின் பொருட்களை ஒழுங்குசெய்ய ஷைனா ஏப்ரலில்தான் வந்தாள். கல்லூரியிலிருந்து ஒரு வாரம் லீவு. சேலைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள், நர்ஸ் யூனிஃபார்ம்களைத் தனியாக வைத்தாள். கைப்பையைக் கவிழ்த்தபோது மூடி போட்ட காலி பாட்டில் ஒன்று விழுந்தது. அடியில் வெள்ளையாகக் கோடு போட்டதுபோல் தண்ணீர்க் கறை. அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்து, மறுசுழற்சிக் குப்பைத் தொட்டியின் மூடியைத் திறந்தாள்.

"அதப் போடாத," என்றார் சுவிசேஷமுத்து.

அவர் சத்தம் போட்டதில் ஷைனா பயந்துவிட்டாள். அப்பா நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, அதுவரை யாரிடமும் சொல்லாத கதையை முதலிலிருந்து சொன்னார். உபதேசியார் தாத்தா, வேதப் புத்தகத்தின் மேல் கை, பாலம், ஜன்னல், ஆறு, சிவப்புப் பூ, கண் முன்னால் கதவு திறந்து நின்ற ரயில். அவள் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். தமிழ் முழுக்கப் புரியும், பதில் மட்டும் எப்போதும் இங்கிலீஷில்தான். இப்போதும் இங்கிலீஷில்தான் கேட்டாள். குற்றம் சொல்லிக் கேட்கவில்லை. அமெரிக்காவில் பிறந்த பிள்ளைக்கு உண்மையிலேயே புரியவில்லை, அதனால் கேட்டாள்.

ரயில்தான் எதிரிலேயே வந்து நின்றதே அப்பா, நீங்கள் இரண்டு பேரும் அதில் ஏறியிருக்கலாமே, என்றாள்.

சுவிசேஷமுத்து அவள் கையிலிருந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறியிருக்கலாம்," என்றார். "ரெண்டு நிமிஷம் நின்னுச்சும்மா."